மூன்று ஓலை வாசித்த புத்தகக் கடை

சென்னையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் பெரிய புத்தகக் கடை ஒன்று இருக்கிறது. மாதம் ஓர் எழுத்தாளர் வந்து வாசிக்கிறார். யார், என்றைக்கு என்று அச்சடித்து வாசலில் ஒட்டிவிடுகிறார்கள். நின்று படிக்கும்போதெல்லாம் அடியில் ஒரு வரி குறைகிறதே என்று எனக்குத் தோன்றும். அந்த வரி, செஞ்சியில் தோமினிக் அண்ணன் எழுதுகிற வரி.

செஞ்சியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவர் கடை. முன்பக்கம் பாடப் புத்தகம், சிலேட்டு, பஞ்சாங்கம், ஜெபப் புத்தகம், இங்க் புட்டி. பின்னால் ஒரே ஓர் அலமாரி நிறைய நாவல்கள். முன்பக்கத்தில் விற்பதெல்லாம் அந்தப் பின் அலமாரியைக் காப்பாற்றுவதற்குத்தான் என்பது அவர் சம்சாரம் பாக்கியம் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். "எனக்கு நகை வாங்குற ஆசை மாதிரி இவருக்கு இது. என் ஆசைதான் நடக்கல, இவருதாவது நடக்கட்டும்" என்பார்.

கடை வைப்பதற்கு முன் தோமினிக் அண்ணன் பங்குக் கோயிலில் எழுத்து வேலை செய்தவர். கல்யாண ஓலைகளை அவர்தான் எழுதிக் கொடுப்பார். கத்தோலிக்கர் வீட்டில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதேனும் அறிந்தவர்கள் உடனே அறிவிக்கவும் என்று மூன்று முறை சொல்லிய பிறகுதான் தாலி. யாராவது தடை சொன்னால் விசாரிக்காமல் கல்யாணம் நடக்காது. பத்து வருஷம் அதை எழுதிய கை, வேறு எந்த அறிவிப்பையும் வேறு மாதிரி எழுதாது என்பதை நாங்கள் பிறகுதான் கண்டுகொண்டோம்.

ஓர் எழுத்தாளராவது தன் கடைக்கு வந்து வாசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பதினோரு பேருக்குக் கடிதம் போட்டார். 1964 ஆவணியில் ஒருவரிடமிருந்து மட்டும் கார்டு வந்தது. பாண்டுரங்கன் என்கிற நாவலாசிரியர். செஞ்சிக் கோட்டை முற்றுகை ஒன்றைக் கற்பனை செய்து 'வறண்ட கோட்டை' என்று நாவல் எழுதியிருந்தார். ஆனால் செஞ்சியைப் பார்த்ததில்லையாம். "வருகிறேன்" என்று ஒரே வார்த்தை, அடியில் வரும் தேதி. அந்தக் கார்டைத் தோமினிக் அண்ணன் கடையில் மாட்டியிருந்த சூசையப்பர் படத்தின் சட்டத்தில் செருகி வைத்தார்.

அடுத்த நாளே வாசலில் கரும்பலகை ஏறியது. எழுத்தாளர் பெயர், புத்தகத்தின் பெயர், தேதி. "வரவேற்புரை: பச்சைமுத்து, பி.ஏ." அது நான், அந்தப் பின் அலமாரியே கதியென்று கிடந்தவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அனந்தபுரத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் நைனா நெல் விற்க வந்தவர், பலகை முன்னால் நின்று, "இதுல எதுடா அந்த பி.ஏ.?" என்று கேட்டார். காட்டினேன். எழுத்து தெரியாத மனுஷர், அந்த இரண்டு எழுத்தையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பலகையின் அடியில், கோயில் பழக்கத்தில் கை தானாக எழுதிய கடைசி வரி: "இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் உடனே அறிவிக்கவும்."

பஸ்ஸுக்கு நிற்பவர்கள் விடவில்லை. "இன்னா தொமினிக்கு, எழுத்தாளருக்கு யாரைக் கட்டி வைக்கிறே?" "பொண்ணு வீட்டுக்கு ஓலை போயிடுச்சா?" அவரும் சிரித்தார். ஆனால் அழிக்கவில்லை. "எழுதினது எழுதினதுதான். மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கிற மாதிரி நாவலையும் மூணு தடவையா வாசிச்சிடலாம். ஆளு வர்றப்ப கதை தெரிஞ்சிருக்கும் இல்ல?" என்றார்.

அப்படியே மூன்று ஞாயிறு, நான்கு மணிக்குக் கடை வாசலில் நின்று வாசித்தார். குரலை உயர்த்த மாட்டார். இருந்தாலும் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். முதல் வாரம் பதினைந்து பேர். மூன்றாம் வாரம் நாற்பது பேருக்கு மேல். அன்றைக்குத்தான் கோட்டை வீரர்கள் ராஜகிரி மலை உச்சியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நா வறண்டு சாகும் அத்தியாயம். கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

வாசித்து முடித்ததும் வள்ளியம்மாள் எழுந்தார். மலையில் பறித்த சீத்தாப்பழத்தை பஸ்ஸில் வருகிறவர்களிடம் விற்கிறவர். ஐம்பது வயது இருக்கும்.

"தடை இருந்தா சொல்லணும்னு எழுதி வச்சிருக்கறியாமே? மெய்தானா?"

"மெய்தான்" என்றார் தோமினிக் அண்ணன்.

"அப்போ சொல்றேன். மேல சுனை இருக்குது. சித்திரையிலகூட வத்தாது. நாப்பது வருஷமா குடிக்கிறேன். ஒரு ஆளும் தாகத்துல சாவல. அந்த ஐயா பொய் எழுதியிருக்காரு."

கூட்டம் சிரித்தது. தோமினிக் அண்ணன் சிரிக்கவில்லை.

அன்று மாலை நான் படித்தவன் என்ற தோரணையில் சொன்னேன்: "அண்ணே, கதையில இதெல்லாம் சகஜம். விட்டுடுங்க. அவர்கிட்டப் போய்ச் சொன்னா கோவிச்சுக்கிட்டு அடுத்த பஸ் ஏறிடுவார். அப்புறம் இந்தப் பக்கம் எந்த எழுத்தாளரும் எட்டிப் பார்க்க மாட்டார்."

"அது எனக்குத் தெரியாதா தம்பி? பதினோரு கடுதாசியில ஒரு ஆளு." படத்தின் சட்டத்தில் செருகியிருந்த கார்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "தடை சொன்னதுக்கப்புறம் விசாரிக்காம நடத்தினா அது கல்யாணமே இல்ல" என்றார்.

சனிக்கிழமை காலையில் கடையைப் பாக்கியம் அக்காவிடம் விட்டுவிட்டு மலை ஏறினோம். வள்ளியம்மாள் முன்னால், நாங்கள் பின்னால். இருபத்திரண்டு வருஷமாக அந்த மலைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்த தோமினிக் அண்ணன் அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறுகிறார். பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றார்.

"இன்னா தொமினிக்கு, உன்னை எழுத்தாளரு கொல்றதுக்கு முன்னாடி மலையே கொன்னுடும் போலக்குது!"

"நீ நட வள்ளியம்மா. சுனை வறண்டிருக்கணும்னு வேண்டிக்கிட்டே வர்றேன்."

வறண்டிருக்கவில்லை. பாறை நிழலில், குளிர்ந்து, அடி தெரியத் தெளிவாகக் கிடந்தது. தோமினிக் அண்ணன் உள்ளங்கையில் அள்ளிக் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கொண்டுவந்த கூஜாவில் தண்ணீர் நிரப்பி மூடியைத் திருகினார். அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் பாண்டுரங்கன் வந்தார். நல்ல வெள்ளை ஜிப்பா, கொஞ்சம் சிடுசிடுப்பு. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம். தோமினிக் அண்ணன் பஸ் அருகிலேயே சொல்லப் பார்த்தார். முடியவில்லை. சாப்பிடும்போது, "ஐயா, அந்த உச்சி மலை அத்தியாயம்..." என்று ஆரம்பித்தார். "அதைத்தான் வாசிக்கப் போகிறேன். மெட்ராஸில் அதைக் கேட்டு அழாதவர் இல்லை" என்றார் அவர். பாக்கியம் அக்கா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

நான்கு மணிக்கு நூறு பேர் இருப்பார்கள். என் வரவேற்புரையை ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. எழுத்தாளர் வாசிக்கத் தொடங்கினார். இரண்டு பக்கம் போனதும் தொண்டை கட்டி இருமினார். தண்ணீர் கேட்டார்.

தோமினிக் அண்ணன் கூஜாவைத் திறந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். எழுத்தாளர் குடித்து, "நல்ல தண்ணீர்" என்று இன்னொரு டம்ளர் கேட்டார். அதையும் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, தோமினிக் அண்ணன் பூசையில் ஓலை வாசிக்கிற அதே குரலில் சொன்னார்:

"ஐயா, மன்னிக்கணும். மூணு ஓலை வாசிச்சேன். ஒரு தடை வந்திருக்குது. நீங்க இப்போ குடிச்சது ராஜகிரி உச்சியில இருக்குற சுனைத் தண்ணி. நேத்து நானே போய் எடுத்தாந்தேன்."

எழுத்தாளரின் காது மடல் சிவந்தது. புத்தகத்தை மூடினார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். தோமினிக் அண்ணன் சூசையப்பர் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யார் தடை சொன்னது?" என்றார் எழுத்தாளர்.

வள்ளியம்மாள் கூடையோடு எழுந்தார். "நான்தான் ஐயா. எத்தினி உசுரைக் கொன்னுட்டீங்க, தண்ணியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு!"

யாரோ களுக்கென்று சிரிக்க, எழுத்தாளர் அந்தப் பக்கம் முறைத்தார். பிறகு வள்ளியம்மாளைப் பார்த்தார்.

"அப்படியானால் அவர்கள் எப்படித்தான் செத்திருப்பார்கள்?"

"பசிதான். வேற இன்னா? பஞ்சத்துல எங்க அம்மா மூணு நாள் அந்தச் சுனைத் தண்ணியைக் குடிச்சே எங்களைப் பாத்துக்கிச்சு. தண்ணி வயித்துல சத்தம் போடும் ஐயா. நடந்தா பானை மாதிரி குலுங்கும். சாவுறத விட அதுதான் கஷ்டம், தெரியுமா?"

எழுத்தாளர் ஜிப்பாப் பையைத் தடவினார். பேனா இருந்தது, தாள் இல்லை. "தாள் இருக்கிறதா?" என்றார். புத்தகக் கடையில் நின்றுகொண்டு அப்படிக் கேட்டதற்கு அப்போதுதான் ஊர் முழுக்கச் சிரித்தது. தோமினிக் அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு அன்று வாசிப்பு நடக்கவில்லை. வள்ளியம்மாள் சொன்னார், அவர் எழுதினார். கடைசி பஸ் வரும்வரை.

இரண்டு மாதம் கழித்து வேறொரு எழுத்தாளரிடமிருந்து கார்டு வந்தது, கேட்காமலே. "உங்கள் ஊரில் குறுக்கே பேசுகிறார்களாமே, நானும் வரலாமா?" அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு பேராவது வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று ஓலை. அடியில் அதே வரி.

சில வருஷம் ஓடிவிட்டது; போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். 'வறண்ட கோட்டை' இரண்டாம் பதிப்பு வந்திருந்தது. அட்டை அதேதான். உள்ளே உச்சி மலை அத்தியாயம் மட்டும் புதிது. சுனை நிரம்பியிருக்கிறது, வீரர்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே பசியில் சாகிறார்கள். வயிற்றில் தண்ணீர் சத்தம் போடுகிறது. தோமினிக் அண்ணன் பஸ் பக்கம் போய், கூடை அருகில் நின்றபடியே வள்ளியம்மாளுக்கு வாசித்துக் காட்டினார்.

அவர் பழத்தை அடுக்கிக்கொண்டே கடைசி வரை கேட்டார்.

"தண்ணி வந்துடுச்சு, சரி" என்றார். "அப்பவும் ஒருத்தனையும் பொழைக்க விடலியா அந்த ஐயா? இன்னொரு தடை சொல்லணும். அவரை வரச் சொல்லு."

நான் சென்னைக்கு பஸ் ஏறும்போது தோமினிக் அண்ணன் கடை வாசலில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.