முப்பது வரை எண்ணும் அத்தை

எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அத்தைதான். தலைவரே வாய் தவறி இரண்டு முறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். புற்றுநோய்ச் செல்களுக்குச் சாயம் ஏற்றுவது அத்தையின் வேலை. செல்லுக்குள் கொழுப்பு துளித்துளியாகச் சேர்ந்திருந்தால் சாயம் அதை மட்டும் சிவப்பாக்கிக் காட்டும்.

"இதுங்களும் குடும்பம் நடத்துதுப்பா. கிடைக்கிறப்போ சேத்து வச்சிக்குது, பட்டினி போட்டா எடுத்துச் சாப்பிடுது. அந்தக் கொழுப்பு உள்ள சிதறிக் கிடந்தா வெஷம். அதான் துளித்துளியா டப்பாவுல மூடி வச்சிருக்கு."

டப்பா விஷயத்தில் அவர் சொல்வதை நம்பலாம். காலி டப்பாக்களைப் போட்டு வைக்கவே வீட்டில் ஒரு டப்பா வைத்திருப்பவர்.

சாயம் ஏற்றியதும், மிச்சச் சாயம் போக ஸ்பிரிட்டில் முப்பது நொடி அலச வேண்டும். கூடினால் துளிகளும் கரைந்துவிடும். டைமர் பக்கத்திலேயே இருந்தும் தொடமாட்டார்; வாய்க்குள் எண்ணுவார். "அதுக்கு பேட்டரி தீந்துடும். எனக்குத் தீராது."

அந்த வாரம் புது மருந்துக்குச் சோதனை. செல்லைக் கொழுப்பு சேமிக்க விடாமல் தடுக்கும் மருந்து. அத்தையின் ஒரு வருட ஒப்பந்தமும் அதே வாரம் முடிந்தது. மருந்து பலித்தால் திட்டம் நீளும். திட்டம் நீண்டால் அத்தையும் நீள்வார்.

மருந்து போட்ட தட்டில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

"சுத்தமா காலி!" தலைவர் துள்ளினார். நாங்கள் கைதட்டினோம். அத்தை மட்டும் மறுபடி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

"சார், டப்பா இல்லன்னா இதுங்க சுருண்டு செத்திருக்கணுமே. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி காலை நீட்டிப் படுத்திருக்குதுங்க."

"அதெல்லாம் போகப்போகச் செத்துடும்மா." அத்தையின் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அத்தை அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தத் தட்டை அலசறப்போ வீட்டுக்காரர் போன் பண்ணாரு சார். சாக்ஸைக் காணோமாம். எண்ணிக்கை விட்டுப்போச்சு. மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சேன். மருந்து போடாத தட்டை அதுக்கு முன்னாடியே அலசிட்டேன், அதான் அதுல சிவப்பு இருக்கு."

"எத்தனை தடவை ஆரம்பிச்சீங்க?"

"மூணு. முதல்ல ஒரு சாக்ஸ்தான் கிடைச்சுதாம்."

தலைவர் பேனாவை மூடினார். கைதட்டியவர்களுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நான்கு நாள் கழித்துப் புதுத் தட்டுகள். தலைவரே டைமரோடு பக்கத்தில் நின்றார். பதினேழாவது நொடியில் அத்தையின் போன் அடித்தது. அவரே எடுத்து, "எதுவா இருந்தாலும் அலமாரியில பாருங்க சார்" என்று வைத்துவிட்டார்.

இந்த முறை துளிகள் இருந்தன. ஆனால் மருந்து போடாத தட்டில் இருந்ததில் பாதிதான். அங்கங்கே சில செல்கள் சுருண்டும் கிடந்தன.

"பாதிதாம்மா" என்றார் தலைவர், ஏமாற்றத்தை மறைக்காமல்.

"பாதின்னாலும் நெசம் சார்."

தலைவர் ஒப்பந்தத் தாளை இழுத்து, ஒரு வருடம் என்றிருந்ததை அடித்து ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். "மருந்துக்கு எவ்வளவோ, உங்களுக்கும் அவ்வளவுதான்."

அத்தை தாளை நான்காக மடித்தார். பைக்குள்ளிருந்து ஒரு காலி டப்பா வந்தது.