பின்கதவுக் கல்

என் கணவருக்கு வீம்பு அதிகம். அவருக்கு இதயத்தில் அடைப்பு என்று ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து, எங்கள் ஊரான குளுவாங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் அவர் கேட்ட முதல் கேள்வி, "என் சைக்கிள் டயர்ல காத்து இருக்கா, பாத்தியா?"

அது கிராவல் சைக்கிள். கைப்பிடி பந்தய சைக்கிள் மாதிரி வளைந்திருக்கும், டயர் மட்டும் செம்மண்ணையும் சரளைக்கல்லையும் தாங்குகிற தடிமன். நான் திட்டக் கூடாது என்பதற்காகவே எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். திட்டுவதை நான் நிறுத்தவில்லை, ஆனால் ஓட்டப் பழகிக்கொண்டேன். லாயாங் லாயாங் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு ஏரி இருக்கிறது. அதைச் சுற்றிவரும் தோட்டப் பாதைதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. லாரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழம் டயருக்கடியில் உருளும். டிராக்டர் எதிரே வந்தால் தலைமுதல் கால்வரை செம்மண் பூசிக்கொள்ளலாம். முழுச் சுற்று முடித்து, கிராமத்துக் கடையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் கோப்பியும் சாப்பிடும்போது இவரைவிட நல்லவர் உலகத்தில் இல்லை என்று தோன்றும்.

சில மாதம் கழித்து டாக்டர் சைக்கிளுக்கு அனுமதி கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. மேடு ஏறும்போது அடிக்கடி இறங்கி இளைப்பாற வேண்டும். இவர் டாக்டரிடம் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். பாதைக்கு வந்ததும் நான் "நில்லுங்க" என்றால் இன்னும் வேகமாக மிதித்தார்.

"நின்னா கால் புடிச்சிக்கும்லா. நீ பின்னால வா."

சாமிக்கு மட்டும் நிற்பார். எங்கள் தோட்டங்களில் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு முனியாண்டி இருப்பார், ஒரு மரம், ஒரு கல், மேலே மஞ்சள் துணி. கும்பிடாமல் இவர் தாண்டமாட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி, காலணியைக் கழற்றி, திருநீறு பூசி, சுற்றிவந்து, மறுபடி எல்லாவற்றையும் மாட்டுவதற்குள் அவர் முகத்தில் பழைய நிறம் திரும்பிவிடும். கேட்டருகில் ஒரு சாமி, பம்பு வீட்டருகில் ஒரு சாமி, பலகைப் பாலத்தருகில் ஒரு சாமி. ஏரிக்குப் பின்னால் இருக்கும் நீண்ட மேட்டில் மட்டும் யாருமே இல்லை. அங்கேதான் எனக்கு ஆள் தேவைப்பட்டது. முதல் ஞாயிறு அந்த மேட்டில் அவர் உதடு வெளுக்க வெளுக்க ஏறினார். பின்னால் நான் மூச்சை அடக்கிக்கொண்டே மிதித்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் தொழிற்சாலைக்குப் போனதும், எங்கள் வீட்டுப் பின்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த கருங்கல்லைக் கழுவி, காரில் ஏற்றினேன். மேட்டின் பாதியில் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு செம்பருத்தியும் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டு வந்தேன். சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று பயமாக இருந்தது. என்னைவிடக் கோபக்கார சாமி இருக்க முடியாது என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அந்த மரத்தருகில் பிரேக் பிடித்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"போன தடவ நீங்க எங்க பாத்தீங்க? குனிஞ்ச தல நிமிரலயே."

கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலணியைக் கழற்றினார். நான் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

வீட்டில் பின்கதவு டமால் டமால் என்று அடித்தது. "கல்லு எங்க போச்சு?" என்று கேட்டார். பூந்தொட்டிக்கு வைத்தேன் என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

என் சாமிக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஒரு வாரம் புது எலுமிச்சம்பழம், இன்னொரு வாரம் சுருட்டு. பிறகு மஞ்சள் துணி வந்தது, தகரக் கூரையும் வந்தது. அந்தக் கூரையைப் போட்டது ஒரு டிராக்டர் ஓட்டுநர் தம்பி. அவர் எங்களிடமே விளக்கம் சொன்னார்.

"ரொம்பப் பழைய சாமி, அக்கா. எங்க தாத்தா காலத்துலேருந்து இருக்கு. சக்தி ஜாஸ்தி."

இவர் பயபக்தியோடு தலையாட்டினார். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விக்கல் வந்துவிட்டது.

பிறகு அந்த ஞாயிறு. வெயில் சுள்ளென்று அடித்தது. மரம் வருவதற்குள்ளேயே அவர் சைக்கிளைக் கீழே போட்டார். தள்ளாடி நடந்துபோய் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை, கண் மூடியிருந்தது, கை நெஞ்சில் இருந்தது. போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் கொடுத்தேன், கையைத் தேய்த்தேன், கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. கல்லின் முன்னால் விழுந்தேன். இவரைத் திருப்பிக் கொடு என்று வாய்விட்டு அழுதேன். அது என் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்த கல் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை. அவ்வளவு உண்மையாக நான் எந்தக் கோயிலிலும் வேண்டியதில்லை.

"ஏன் இப்படிக் கத்துற? காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்துட்டேன். தல சுத்துது, அவ்ளோதான்" என்றார், பின்னாலிருந்து.

மறுநாள் டாக்டரும் அதையேதான் சொன்னார், இதயம் நன்றாக இருக்கிறது, பட்டினியும் வெயிலும்தான் காரணம் என்று. ஆனால் அந்த நிமிடம் எனக்கு அது தெரியாது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இந்தக் கல்ல நான்தாங்க வச்சேன். நீங்க நிக்கணும்னு வச்சேன். சாமியோட விளையாடிட்டேன், அதான் இப்படி ஆயிடுச்சி."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நம்ம வீட்டுக் கல்லு எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும். ராத்திரியெல்லாம் கதவு அடிக்குதே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகையோடு வந்தது. "தெரிஞ்சும் எதுக்கு வாரா வாரம் நின்னு கும்பிட்டீங்க? என்னைக் கேலி பண்ணவா?"

அவர் தண்ணீர்ப் புட்டியை மூடினார்.

"இந்த மேட்டுல பின்னால உன் மூச்சுச் சத்தமே கேக்காது. இங்க வந்து நான் ஷூவக் கழட்டுனாத்தான் நீ மூச்சு விடுவ. அதுக்குத்தான் நின்னேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், டிராக்டர் வரும்வரை. தம்பி எங்களையும் சைக்கிள்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, "சாமி காப்பாத்திட்டாரு, அக்கா" என்றார். ஆமாம் என்றேன்.

இப்போது அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் சைக்கிளைத் தொடுகிறார். மேட்டில் நான் சொல்லாமலே நிற்கிறார். கல்லை வீட்டுக்குக் கொண்டுவர எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. வேறு கல் தேடவும் இல்லை. பின்கதவு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.