சந்தனம் வைத்த விமானம்

ஆரம்பப் பள்ளியோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஊருக்கு வெளியே ஒரு சிறிய விமானத் திடலில் விமானம் கழுவும் வேலை பார்த்தேன். பெரிய விமானங்கள் அங்கே வருவதில்லை. பறக்கப் பழகுகிறவர்களின் சின்ன விமானங்கள்தாம். கழுவுவது, எண்ணெய் ஊற்றுவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது எல்லாம் தமிழாட்கள்.

ஆயுத பூசைக்குச் சிராங்கூன் சாலையிலிருந்து பூவும் சந்தனமும் வாங்கிப் போவோம். வெள்ளைக்கார எஞ்சினியர் தடுத்ததில்லை. ஸ்பானர், வாளி, ஏணி எதற்கும் பொட்டு வைக்கலாம், விமானத்துக்கு மட்டும் கூடாது என்பார்.

ஒரு வருடம், கட்டை வைக்கும் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. சோறு போடுவது விமானம், பொட்டு வாளிக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் யாரும் பார்க்காதபோது இரண்டு விமானங்களுக்கு வைத்துவிட்டார். இறக்கையிலிருந்து ஒரு சின்னக் குழாய் மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பியிருந்தார். அதற்குள் புகும் காற்றை வைத்துத்தான் ஓட்டுபவருக்கு வேகம் தெரியும் என்பது எங்கள் யாருக்குமே மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

ஒரு விமானத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எஞ்சினியர் எங்களை வரிசையாக நிறுத்தினார். வைத்தவனுக்கு இன்றோடு வேலை இல்லை என்று அவர் சொன்னதை, எங்களை மேய்க்கும் மேஸ்திரியான மண்டோர் தமிழில் சொன்னார். வேலை போனால் திடல் குவார்ட்டர்ஸும் போகும். அண்ணன் மனைவிக்கு அது பேறு மாதம்.

"பேசாம இருங்க. கத்திட்டுப் போயிடுவாரு" என்று மண்டோர் முணுமுணுத்தார். அண்ணனும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது இரண்டாவது விமானம் இரைந்துகொண்டு புல்லில் நகர்வது கேட்டது. அவர் நிமிர்ந்தார்.

"அதுலயும் வச்சிருக்கேன், மண்டோரே."

"எதுல?"

"அந்தா போவுதே, அதுல. நான்தான் வச்சேன்."

மண்டோர் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சினியர் ஓடினார். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து நிற்கச் சொல்லிச் சிவப்பு விளக்கு காட்டினார்கள். விமானம் திரும்பி வந்தது. குழாயைச் சுத்தம் செய்வதைப் பார்த்த மண்டோர், "பிள்ளையாருக்கே இவ்வளவு அப்ப மாட்டாங்க லா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எஞ்சினியர் ஆபீசுக்குள் போய்விட்டார்.

அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க வீட்டுப் பக்கம் ரூம் ஏதாச்சும் காலியா இருக்கா, தம்பி?" என்று கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் அவரைப் புல் வெட்ட அனுப்பினார்கள். கட்டை வைக்க வேறு ஆள் வந்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணவும் சொல்லவில்லை. அன்று காலையில் மழை பெய்ததால் ஒரு விமானமும் கிளம்பவில்லை.