வேளச்சேரியிலிருந்து ஐந்தரைக் கட்டைக்கு

பிற்பகல் மூன்று மணிக்கு வேளச்சேரி ரயில் நிலையத்தின் படிகளில் ஏறினேன். தோளில் நீளமான ஒரு கறுப்புப் பை. சட்டைப் பையில் அதன் பூட்டுக்கான சாவி. இமயத்துக்கும் ஐஸ்லாந்துக்கும் போய்வந்து பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போனது மந்தைவெளிக்கு. பறக்கும் ரயிலில் எட்டாவது நிலையம், கட்டணம் ஐந்து ரூபாய். உங்களில் பலர் இதே வழியில் தினமும் போய்வருகிறீர்கள் என்பது தெரியும். ஆனால் அன்றைக்கு என்னோடு வந்த பயணியோடு நீங்கள் யாரும் போயிருக்க மாட்டீர்கள்.

பைக்குள் இருந்தது ஐரிஷ் பூஸூக்கி. வயிறு சிறுத்து, கழுத்து நீண்டு, இரண்டிரண்டாக எட்டு இரும்புக் கம்பிகள் கட்டிய வாத்தியம். பிறந்தது கிரேக்கத்தில். வயலின் நம்மூருக்கு வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டதுபோல இது அயர்லாந்துக்குப் போய், அங்கேயே ரேஷன் கார்டு வாங்கிக்கொண்டது. மதுக்கடை மூலையில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பிடிலும் குழலும் வாசிக்கும்போது பின்னாலிருந்து இதை மீட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பூஸூக்கி என் நண்பன் கோபாலுடையது. மென்பொருள் வேலைக்காக அயர்லாந்தின் கால்வே நகரத்துக்குப் போனவன், ஐம்பத்திரண்டு வயதில் இதைக் கற்றுக்கொண்டான். கல்லூரியில் அவனிடம் ஒரு மாண்டலின் இருந்தது. மேடையேறிச் சுருதி சேர்க்க ஆரம்பிப்பான். நாங்கள் எழுந்து போய் டீ குடித்து, சண்டை போட்டு, சமாதானமாகித் திரும்பி வருவோம். அவன் இன்னும் சேர்த்துக்கொண்டிருப்பான். "கடைசிக் கம்பிதான்டா தகராறு, ஒரே நிமிஷம்" என்பான். அந்த ஒரு நிமிஷம் முடிந்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவன் கல்யாணம் செய்துகொண்டது வைதேகியை. அபிராமபுரத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். காற்றாடி ஓடும் சத்தத்தில்கூட இது என்ன சுருதி என்று சொல்லிவிடும் காது. அவள் பாடும் சுருதி ஐந்தரைக் கட்டை. இருபத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் அவன் சுருதியில் நின்றதாக ஒருமுறைகூட அவள் ஒப்புக்கொண்டதில்லை.

போன மார்ச்சில் அங்கிருந்து போன் செய்திருக்கிறான். "உன் அஞ்சரைக் கட்டைக்கு ஏத்தி வெச்சிருக்கேன். எட்டுக் கம்பியும் சேந்துடுத்து. லீவுல வந்து காட்டறேன் பார்." வைதேகி, "நீங்களா? சேத்தேளா?" என்று சிரித்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்து மாரடைப்பு.

"அவர் கடைசியா எங்கிட்டக் கேட்டது அந்தச் சிரிப்புதான் அண்ணா" என்றாள் என்னிடம். "நெஜமா சேத்திருந்தாரான்னு தெரிஞ்சுக்கணும். அது ஒண்ணுதான் வேணும்."

கால்வேயில் அவனோடு ஒரே வீட்டில் குடியிருந்த டேவிட் நவம்பரில் விடுமுறைக்கு வேளச்சேரி வந்தபோது வாத்தியத்தையும் கொண்டுவந்திருந்தார். போய் வாங்கிவரும் பொறுப்பு எனக்கு. வைதேகி நிபந்தனைகள் போட்டாள்: "யாரும் தொடப்படாது. ஆட்டோ வேண்டாம், குலுங்கும். ஏசி கார் வேண்டாம், கம்பி சுருங்கும். ரயில்ல மடியில வெச்சுண்டு வாங்கோ. மயிலாப்பூர்ல யார்கிட்டயும் காட்டிடாதேங்கோ. காட்டினா ‘துளி இறங்கியிருக்கே’ன்னு உடனே முறுக்கிடுவா." இது மிகையல்ல. அந்தப் பேட்டையில் சேராத கம்பியைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருக்கக்கூடிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை.

அன்று மதியம் டேவிட்டின் அடுக்ககத்தில் காபி கிடைத்தது. நாற்பது வயது, மென்மையான மனிதர். கண்ணை மட்டும் எங்கோ வைத்துக்கொண்டே பேசினார்.

"அங்க எல்லாரும் அஞ்சு கட்டைலதான் சார் வைப்பாங்க. கோபால் சார் மட்டும் அரைக் கட்டை ஏத்தி வெச்சுக்கிட்டு வந்து உக்காருவாரு. யாரோடயும் சேராது. கேட்டா, ‘இது வேற எடத்துல சேரும்’னு சொல்வாரு."

சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வாசல்வரை வந்தார். "மேடம்கிட்டக் குடுத்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க சார். ஒண்ணு சொல்லணும்."

"இப்பவே சொல்லுங்களேன்."

"இல்ல சார். அப்புறம்."

மூன்றேகால். ரயில் கிளம்பியது. பறக்கும் ரயில் நிலையங்களைப் பார்க்காதவர்களுக்கு: ஒரு கல்யாண மண்டபத்தை நான்கு மாடிக்கு அடுக்கி, கடைசி நிமிஷத்தில் கல்யாணத்தை ரத்துசெய்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டப்பகலிலும் உள்ளே அந்திதான். புறாக்கள் மட்டும் குடும்பத்தோடு வந்திருக்கும். அன்றைக்கு வானமும் கறுத்துக் கிடந்தது. பெட்டியில் நான்கைந்து பேர்.

எனக்கு எதிரே ஒரு பெண் கூடையோடு உட்கார்ந்தார். பெயர் தேவி. மந்தைவெளியில் அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலை. முன்பு கூவக்கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டதால், தினமும் இப்படி வருகிறார். இதெல்லாம் பெருங்குடி வருவதற்குள் அவரே சொன்னது.

தரமணியைத் தாண்டும்போது பைக்குள் ‘கிர்ர்’ என்றது. பிறகு தொங்கலாக, உயிரில்லாமல், ஒரு ‘பொய்ங்’.

தேவி பையைப் பார்த்தார். "இன்னா சார் அது?"

"வெளிநாட்டு வாத்தியம்மா."

"எலி கிலி பூந்துகினு கீதா பாரு."

"பூட்டியிருக்கு."

"பூட்டுனா எலிக்கு இன்னா?"

நான் சிரித்தேனே தவிர, காதைப் பையருகே கொண்டுபோனேன். எலிக்காக அல்ல. கம்பியை முறுக்கும் சாவி நழுவுகிறது, சுருதி இறங்குகிறது என்று நினைத்தேன். எட்டு மாதம் கலையாமல் கடல் தாண்டி வந்ததை, ஐந்து ரூபாய் டிக்கெட்டில் நான் கலைத்துவிடப்போகிறேன். வைதேகி பையைத் திறப்பாள். கம்பிகள் தாறுமாறாகக் கிடக்கும். அவன் சொன்னது பொய்யா, நான் கொண்டுவந்த லட்சணமா என்று கடைசிவரை அவளுக்குத் தெரியப்போவதில்லை. பையைக் குழந்தைபோல மடியில் கிடத்தி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். ஐம்பத்தைந்து வயதில் என்னைப் பார்க்க எப்படியிருந்திருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறேன்.

திருவான்மியூரில் ஒன்று. இந்திரா நகரில் ஒன்று. ஒவ்வொரு ‘கிர்ர்’ருக்கும் பிறகு ஒரு மீட்டல். அணைத்திருந்த கைக்கு, வாத்தியத்தின் தலைப்பக்கம் ஏதோ மெதுவாகத் திரும்புவது துணி வழியாகத் தெரிந்தது. ரயிலின் அதிர்வு என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். விஞ்ஞானப் புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன். இந்த மாதிரி நேரத்துக்குத்தான் அவை.

மூன்று நாற்பது. கோட்டூர்புரத்தைவிட்டு நகர்ந்த ரயில், அடையாற்றுப் பாலத்தின் நடுவே நின்றது. மின்விசிறிகள் அடங்கின. விளக்கும் போனது. கீழே கறுப்பாக, அசையாமல் ஆறு. அதிர்வதற்கு எதுவுமே இல்லை.

அந்த நிசப்தத்தில் அது நிற்காமல் கேட்டது. கிர்ர், டிங். கொஞ்சம் இடைவெளி. கிர்ர், டிங். சற்று மேலே போய், போனது அதிகம் என்று உணர்ந்ததுபோலக் கீழே வந்து, மறுபடி மேலே.

"சார்," என்றார் தேவி, குரலைத் தாழ்த்தி. "இது எலி இல்ல."

"பின்ன?"

"எலி நிறுத்தி நிறுத்தி ரோசன பண்ணாது."

கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நா அந்தாண்ட குந்திக்கிறேன். தப்பா நெனச்சுக்காத."

எனக்கும் அந்தாண்ட உட்கார ஆசைதான். மடியில் இருப்பதை என்ன செய்வது? சாவி இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ, தெரியவில்லை. கடைசியாக மெல்லிய கம்பி ஒன்று தெளிவாக ஒலித்தது. அதற்குமேல் சத்தம் இல்லை. விளக்கு வந்தது, விசிறிகள் சுற்றின, ரயில் நகர்ந்தது. சிக்னல் கோளாறு என்று யாரோ சொன்னார்கள்.

மந்தைவெளியில் இறங்கி, அபிராமபுரத்துக்கு நடந்தே போனேன். பை முன்னைவிட விறைப்பாக இருந்ததாகத் தோன்றியது. நான்தான் விறைத்துப்போயிருந்தேனோ என்னவோ.

வைதேகியின் வீட்டில் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். வீட்டுக்குக் கூரை மாதிரி அது. நான் உள்ளே நுழைந்ததும் அதை நிறுத்தினாள். அந்த வீட்டை அவ்வளவு அமைதியாக நான் கண்டதில்லை.

"முதல்ல இதைக் கேக்கணும். அப்பறம் பெட்டியைப் போடறேன். இல்லேன்னா காது ஏமாத்திடும்."

பாய் விரித்துப் பூட்டைத் திறந்தேன். தேன்நிற வாத்தியம், கழுத்தருகே அவன் விரல் தேய்த்த இடம் வெளுத்திருந்தது. அவள் தொடவில்லை.

"நீங்க மீட்டுங்கோ அண்ணா. எனக்குக் கை வரலை."

"ரயில்ல ஏதோ சத்தம் வந்தது, வைதேகி. கொஞ்சம் இறங்கியிருந்தாலும்..."

"மீட்டுங்கோ."

சங்கீதத்துக்கு எந்தத் தொண்டும் செய்திராத என் விரலால் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தட்டினேன். தடித்த ஜோடி. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசி.

வைதேகி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "ஸ," என்றாள். "ப. ரி. ப." பிறகு கையை நீட்டிச் சுருதிப்பெட்டியைப் போட்டாள்.

ஐந்தரைக் கட்டை. என்னுடைய காதுக்கே தெரிந்தது, இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழைகூட இல்லை. நான் கையை எடுத்துவிட்டேன். கம்பிகள் நிற்கவில்லை. யாரும் மீட்டாமலே, பெட்டியின் குரலோடு சேர்ந்து மெதுவாக முனகிக்கொண்டிருந்தன. சுருதி ஒன்றாக இருந்தால் அப்படித்தான் பதில் ஒலி எழும் என்று படித்திருக்கிறேன். அன்றைய தினத்தில் எனக்கு உதவிய ஒரே விஞ்ஞானம் அது.

"பரவாயில்லையே," என்றாள் வாத்தியத்தைப் பார்த்து, பாடம் ஒப்பித்த மாணவனிடம் சொல்வதுபோல. "சேந்திருக்கே." அப்புறம் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

ஐந்தரைக்குக் கிளம்பினேன். தூறல் ஆரம்பித்திருந்தது. தெரு திரும்பும்வரை சுருதிப்பெட்டியும் அதற்கடியில் அந்த முனகலும் கேட்டன. மந்தைவெளி நிலையத்தின் காலி மண்டபத்தில் ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து டேவிட்டை அழைத்தேன்.

"மேடம் ரொம்ப அழுதாங்களா சார்?" என்றார் எடுத்ததும்.

"அழுதாங்க. ஆனா சந்தோஷமா. சுருதி அப்படியே இருந்தது."

மறுமுனையில் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம்.

"சார், அதான் சொல்லணும்னு இருந்தேன். ஃப்ளைட்ல கொண்டுவரணும்னா கழுத்து உடைஞ்சிடும்னு எல்லாக் கம்பியையும் தளர்த்திடுவோம். நானும் தளர்த்திட்டேன். மேடம் தொடக்கூடாதுன்னு சொன்னது அதுக்கப்புறம்தான். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பூட்டிக் குடுத்துட்டேன்."

"எவ்வளவு தளர்த்தினீங்க?"

"துணி காயப் போடலாம் சார்."

"பூட்டின பிறகு தானா இறுகுமா?"

"கம்பி முறுக்குற சாவில பல்சக்கரம் இருக்கு சார். யாராவது திருகாம அசையவே அசையாது."

திரும்பி வந்த ரயில் எங்கும் நிற்காமல் ஓடியது. பாலத்தை எப்போது கடந்தோம் என்றே தெரியவில்லை. மடி காலியாக இருந்தது. எதிர் இருக்கையும் காலி. டேவிட் சொன்னதை வைதேகியிடம் நான் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், அது கிடைத்துவிட்டது.

தரமணியில் ஆரம்பித்திருக்கிறான். மந்தைவெளிக்குள் எட்டையும் முடித்தாக வேண்டும், தவறினால் அவள் கேட்டுவிடுவாள். அவனுடைய வேகம் எனக்குத் தெரியும். பாலத்தின்மேல் ரயிலை நிறுத்தியது சிக்னல் என்றார்கள். இருக்கட்டும். கோபாலுக்கு எப்போதும் கடைசிக் கம்பிதான் தகராறு.