மூன்று சக்கரத்துக்குக் காற்று

போன வருஷம் ஐப்பசி மாதம். இரண்டு நாள் மழை கொட்டும், ஒரு நாள் வெயில் கொளுத்தும். அப்படி ஒரு வெயில் நாளில், பூந்தமல்லியிலிருந்து ஆவடிப் பக்கம் போகிற வழியில், பாரிவாக்கத்தில் நடந்தது இது.

எனக்கு வண்டி ஓட்டுகிற வேலை. இறந்தவர்களைப் படுக்க வைக்கிற ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு விடுகிற கடையில் இருக்கிறேன். பெட்டியைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். சவத்தை எடுத்த பிறகு திரும்பக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

முன்பு டீசல் வண்டி இருந்தது. முதலாளி அதை விற்றுவிட்டுக் கரண்ட் வண்டி வாங்கினார். நாலு சக்கரம் வைத்த குட்டி லாரி. சத்தம் கிடையாது, புகை கிடையாது. துக்க வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு நல்ல வண்டி. ஆனால் அடியில் பேட்டரி இருப்பதால் கனம். சேற்றைக் கண்டால் எருமை மாதிரி படுத்துவிடும்.

அன்று காலை முத்தாபுதுப்பேட்டைக்குப் பெட்டி போக வேண்டும். விடிகாலையில் உயிர் போயிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டும், மறுநாள்தான் எடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் பெட்டியை இறக்கிவிடு என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

பாரிவாக்கம் தாண்டும்போது ரோட்டில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு தகரத்தில் அம்புக்குறி போட்டு, மாற்றுப்பாதை என்று எழுதி வைத்திருந்தார்கள். அம்பு காட்டிய இடத்தில் பாதை இல்லை. ஏரி ஓரமாக மனை போடுவதற்காக மண் கொட்டிய இடம்தான் இருந்தது. எல்லா வண்டியும் அதில்தான் போனது. நானும் போனேன். பாதியில் பின்சக்கரம் இரண்டும் இறங்கிவிட்டன. அழுத்தினால் சுற்றுகிறது. சுற்றச் சுற்ற இன்னும் இறங்குகிறது.

பின்னால் ஒரு தண்ணி லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா அண்ணாத்தே, நடு சேத்துல ஊடு கட்டி குடி வந்துட்டியா?"

அவரே இறங்கி வந்து பார்த்தார்.

"காத்த எறக்கு. நாலு சக்கரத்துலயும் பாதி எறக்கு. டயரு பரவிகினு மேல ஏறும் பாரு."

சாவி முனையால் ஒவ்வொரு சக்கரமாக அழுத்தி இறக்கினேன். வண்டி அசைந்தது, முனகியது, ஏறிவிட்டது. நல்ல யோசனைதான். ஆனால் இறக்கின காற்றை எங்கே போய் ஏற்றுவது என்று அவர் சொல்லவில்லை. என்னைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார்.

தார் ரோட்டுக்கு வந்தேன். சக்கரம் நாலும் அப்பளம் மாதிரி இருந்தன. ஸ்டியரிங் திரும்பவில்லை. அப்படியே ஓட்டினால் இரும்பு வளையம் டயரை அறுத்துவிடும். அதோடு, காற்று குறைந்தால் இந்த வண்டி கரண்டைக் குடிக்கும். கண்ணெதிரே சார்ஜ் இறங்குகிறது. முத்தாபுதுப்பேட்டை வரை போகுமா என்றே சந்தேகமாகிவிட்டது.

வண்டியில் குட்டி மோட்டார் பம்ப் ஒன்று இருந்தது. சிகரெட் பற்றவைக்கிற துளையில் சொருகினால் காற்றடிக்கும். ஓரமாக நிறுத்திச் சொருகினேன். முன்பக்க இடது சக்கரம் நிரம்பியது. அடுத்ததற்கு மாற்றினேன். கருகின வாடை வந்தது. அதோடு சரி. பம்ப் செத்துவிட்டது.

அப்போது போன் வந்தது. பெட்டி கேட்ட வீட்டிலிருந்து ஓர் ஆண் குரல்.

"யோவ், எங்க கீற?"

"வந்துகினே கீறேன் சார்."

"இதத்தான அப்பவும் சொன்ன?"

அதற்கு முன்பு நான் அவரிடம் பேசவே இல்லை. முதலாளி பேசியிருப்பார். போனை வைத்துவிட்டேன். சாவு வீட்டில் அதிகாரம் பண்ண ஒருத்தர் எப்போதும் இருப்பார். பந்தல்காரரை அதட்டுவார், மேளக்காரரை அதட்டுவார், எங்களையும் அதட்டுவார். அப்படி ஒருத்தர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர்ந்து ஊர்ந்து ஒரு பெட்ரோல் பங்க்குக்குப் போனேன்.

"காத்து புடிக்கணும் நைனா."

"டீசலா, பெட்ரோலா?"

"கரண்டு."

"அப்ப கரண்டு போடுற எடத்துல போய்க் கேளு."

"அங்க காத்து இல்லியே."

"இங்கயும் இல்ல. மெசினு ரிப்பேரு."

பங்க் ஆள் சொல்லும்போதே அந்த மெசினில் ஒரு கார் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"அவுங்க டீசல் போட்டாங்க."

"நான் எங்க ஊத்துறது? என் வாயிலயா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இது என்ன லோடு என்று எட்டிப் பார்த்தார். கண்ணாடி மூடி போட்ட பெட்டி. பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார்.

"இன்னும் போணியே ஆவல, இத உள்ள கொண்டாந்துகீறியே! எடு, எடு, வண்டிய எடு!"

எனக்கு இது பழக்கம்தான். டீக்கடையில்கூட வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்வார்கள். அன்றைக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. பேசினால் நேரம்தான் போகும். எடுத்துவிட்டேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பஞ்சர் கடை. வாசலில் கடைக்கார பாய் டயர் மேல் உட்கார்ந்து தினசரியால் விசிறிக்கொண்டிருந்தார். விசிறுவதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"கரண்டு இல்லியா பாய்?"

"இன்னிக்கு ஷட்டவுனு. மத்தியானம் மேலதான் வரும். டாங்குல கீற காத்து காலைலயே பூடுச்சி." வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கரண்டு இல்லாத நாளாப் பாத்துக் கரண்டு வண்டிய கொண்டாந்துகீற. நல்ல நேரம்யா உனுக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாய் பெட்டியைப் பார்த்தார். இவர் பின்வாங்கவில்லை.

"உள்ள ஆள் கீதா?"

"இல்ல. போய்த்தான் வைக்கணும்."

"வெயில் ஏறுதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கையால் அடிக்கிற பழைய பம்ப் ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். "சைக்கிளுக்கு வச்சிகிறது. எனுக்கு முதுகுல ஆபரேசன், குனிய முடியாது. நீயே அடிச்சிக்க."

சைக்கிள் பம்பால் லாரி டயருக்குக் காற்றடிப்பது, குடத்தால் ஏரியை நிரப்புகிற வேலை. ஒரு கையால் பம்பின் வாயை டயர் வால்வோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஏறினதெல்லாம் வெளியே போய்விடும். பாய் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து வாயை மட்டும் பிடித்துக்கொண்டார். நான் அடித்தேன். அடித்தேன், அடித்தேன். டயர் அப்படியேதான் இருந்தது. சட்டை ஒட்டிக்கொண்டது. தோள் கழன்றது. நடுநடுவே போன். எடுக்கவில்லை. மறுபடியும் போன். எடுத்தேன்.

"எங்கதான்யா கீற?"

"சக்கரத்துல காத்து இல்ல சார். பாரிவாக்கம் தாண்டி பஞ்சர் கடையில அடிச்சிகினு கீறேன்."

"இன்னா கத வுடுற? இன்னொரு எடத்துல பெட்டி எறக்கினு கீறியா?"

எனக்கும் வாய் உண்டு.

"வேணும்னா வந்து பாத்துக்கோ சார்!" என்று கத்திவிட்டு வைத்தேன்.

பாய் என்னைப் பார்த்தார். "சாவு ஊட்டு ஆள்கிட்ட இப்டியா பேசுவ?"

"அவரு எப்டி பேசுறாரு தெரியுமா பாய்?"

இரண்டாவது சக்கரம் ஒருவழியாகத் தூக்கியது. பின்சக்கரம் இரண்டு பாக்கி. மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். சட்டைப் பட்டன் மாற்றிப் போட்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

"நீதான?"

குரலைக் கேட்டதும் தெரிந்தது. நிச்சயம் அடி விழும் என்று நினைத்தேன். எழுந்து நின்றேன். அவர் வண்டியைப் பார்த்தார், பின்சக்கரத்தைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், நனைந்திருந்த என் சட்டையைப் பார்த்தார்.

"இன்னும் எத்தினி?"

"ரெண்டு."

"தள்ளு."

பம்பை வாங்கிக்கொண்டார். நான் குனிந்து வாயைப் பிடித்துக்கொண்டேன். வெறி பிடித்தவர் மாதிரி அடித்தார். பம்பே தரையில் குதித்தது.

"பாத்துப்பா, உடைஞ்சிடப் போவுது" என்றார் பாய். வந்தவர் காதில் விழவில்லை.

பாதியில் அவருடைய போன் அடித்தது. நிறுத்தவில்லை. சட்டைப் பையைக் கண்ணால் காட்டினார். நான் போனை எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தேன். இன்னொரு கை வால்வில் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் அழுதுகொண்டே ஏதோ சொன்னது. இவர் அடித்துக்கொண்டே பேசினார்.

"ம்... கெடச்சிடுச்சி, கொண்டாந்துகினே கீறேன்... நீ ஒண்டியா கீறன்னு தெரியும், பக்கத்து ஊட்டு அக்காவ அனுப்பாத, கூடவே வச்சிக்க... அம்மா மூஞ்சில ஈ உக்காராம பாத்துக்க. விசிறிகினே இரு. நிறுத்தாத."

நான் போனைத் திரும்ப அவர் பையில் வைத்தேன்.

எங்கள் தொழிலில் யார் என்று கேட்க மாட்டோம். விலாசம் கேட்போம், எத்தனையாவது மாடி, பக்கத்தில் பிளக் இருக்கிறதா என்று கேட்போம். யாருக்கு, என்ன உறவு என்று கேட்பதில்லை. கேட்டால் அழுவார்கள், நேரம் ஆகும். அதனால் கேட்காமலே பழகிவிட்டது. கேட்காததால், அது யாரோ ஒருத்தருக்கு அம்மா என்பதும் ஞாபகத்தில் வராமலே போய்விட்டது.

"குடு சார், நான் அடிக்கிறேன்" என்றேன்.

"வுடு. அங்க உக்காந்துகினு என்னால ஒண்ணியும் பண்ண முடியல."

அவர் அழவில்லை. வியர்வைதான் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. பாய் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவர் பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் கொடுத்தார். கடைசிச் சக்கரத்தை ஆளுக்குப் பாதி அடித்தோம். குனிய முடியாது என்று சொன்ன பாய் குனிந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"முழுசா இல்ல. ஆனா ஓடும். கெளம்புங்க."

பைக் முன்னால் போனது. நான் பின்னால் போனேன். ஆவடியில் நெரிசல். அவர் ஒரு கையைத் தூக்கி ஆட்டி வழி கேட்டுக்கொண்டே போனார். பஸ்காரர்கள் திட்டினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. சார்ஜ் காட்டுகிற இடத்தில் சிவப்பு விழுந்துவிட்டது. அதை நானும் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.

வீட்டு வாசலில் ஏழெட்டு பேர் நின்றார்கள். உள்ளே ஒரு பெண், தலைமாட்டில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. பெட்டியை இறக்கி உள்ளே வைத்துப் பிளக்கைச் சொருகினேன். பைக்கில் வந்தவர் தன் கையைப் பார்த்தார். இரண்டு கையும் கருப்பு. பின்பக்கம் போய் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகுதான் அம்மாவின் தோளுக்கடியில் கை கொடுத்தார். கால்மாட்டில் நான் பிடித்தேன். சாதாரணமாக அதை வீட்டு ஆட்கள்தான் செய்வார்கள், நாங்கள் தள்ளி நிற்போம். அன்று அவர் என்னைத்தான் பார்த்தார்.

மூடியை வைத்தோம். முகம் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெண் அப்போதுதான் அட்டையைக் கீழே வைத்தார்.

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. நானும் சொல்லவில்லை. அவரும் என்னைத் திட்டினதற்கு ஒன்றும் சொல்லவில்லை, நான் கத்தினதற்கும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போதும் ரோட்டை வெட்டித்தான் போடுகிறார்கள், பங்க்கில் விரட்டத்தான் செய்கிறார்கள், எனக்கும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் பெட்டிக்காகக் காத்திருக்கிறவர் எவ்வளவு கத்தினாலும், அந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் கை ஓயாமல் விசிறிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டேதான் ஓட்டுகிறேன்.