திபோர் ஐயாவின் ஓட்டைக் கொடி

கோலியர்ஸ் வுட்டுக்குக் குடிவந்த முதல் கார்த்திகையில், விளக்கீட்டன்று கனகாம்பிகை முன்மதிலில் வரிசையாகச் சிட்டி விளக்கு வைத்தாள். லண்டன் காற்றுக்கு விளக்கீடு தெரியுமா, கந்தனைத் தெரியுமா? ஒன்றைக் கொளுத்த மற்றது நூர்ந்தது. மகள் சயந்தினி நெருப்புப்பெட்டியோடு அழாக்குறையாக நின்றாள். பக்கத்து வீட்டு யன்னல் சீலை விலகி, ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் முகம் தெரிந்தது.

"அந்தாள் பாக்குது. இனி கவுன்சிலுக்குச் சொல்லப்போகுது, நான் உள்ளை போறன்" என்று அவளுடைய மனுசன் குகதாசன் நழுவிவிட்டார்.

மறுநாளும் விளக்கு வைக்கிற நாள். விடியக் கதவைத் திறந்தால், மதிலில் வாயகன்ற கண்ணாடிப் போத்தல்கள் கழுவித் துடைத்து வரிசையாக இருந்தன. வெள்ளரிக்காய் ஊறுகாய் வந்த போத்தல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் விளக்கு சரியாமல் இருக்கக் கொஞ்சம் மணல். வைத்தவரைக் காணவில்லை. அன்று இரவு ஒரு விளக்கும் நூரவில்லை.

அவர்தான் திபோர். பஸ் கராஜில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி மாகிரட் காலமாகிவிட்டா, பிள்ளைகள் இல்லை. கனகாம்பிகை வடையோடு நன்றி சொல்லப் போனபோது, "நானும் எங்கட ஆக்களுக்கு வருஷத்தில ஒருநாள் யன்னல்ல விளக்கு வைக்கிறனான். காத்துக்கு என்ன செய்யோணும் எண்டு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். எந்த ஆட்கள் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பேருடைய ஆங்கிலமும் இரவல்தான். அதை வைத்து நெடுங்கதை பேச முடியாது. ஆனால் பெரியவரை மிஸ்டர் என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. ஐயா என்றாள். போகப்போக அவரும் அதுவே தன் பெயர் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். அவள் அவருக்குக் கனகா ஆனாள்.

அப்படியே இருபது வருடம் போனது. போன வருடம் புரட்டாதியில் திபோர் ஐயா படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். வீட்டைப் பூட்டுகிற திறப்பு கனகாம்பிகையிடம் வந்தது. அவள் நாள் விட்டு நாள் சூப் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஐப்பசி பிறந்ததும் ஒருநாள் அவர் அவளுடைய கையைப் பிடித்தார்.

"கனகா, அலுமாரியில மேல் லாச்சியில கடுதாசியில சுத்தி ஒரு கொடி கிடக்கு. எங்கட நாட்டுக் கொடி. வாற புதன்கிழமை எங்கட சங்கத்து ஆக்கள் வண்டியில வந்து என்னை நினைவுக் கூட்டத்துக்குக் கொண்டு போகினம். அந்தக் காலத்து ஆக்களில இப்ப நான் ஒருத்தன்தான் மிச்சம். அதைக் கையில பிடிச்சுக்கொண்டு இருக்கோணும். அடுத்த வருஷம் நான் இருக்கிறனோ தெரியாது."

"ஓம் ஐயா. நான் கொண்டு வாறன்."

லாச்சியில் கொடி இருந்தது. சிவப்பு, வெள்ளை, பச்சை. விரித்துப் பார்த்தாள். நடுவில் வெள்ளைப் பட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓரமெல்லாம் நூல் கிளம்பிக் கிடந்தது. பூச்சி அரிச்சுப்போட்டுது, ஐயோ, அந்த மனுசன் கண்டால் உடைஞ்சு போகும் என்று நினைத்தாள். சேலைச் சட்டை தைத்துக் கொடுத்துப் பழகிய கை. ஓரத்தை உள்ளே மடித்து, வெள்ளைத் துணி வட்டம் ஒன்று வைத்து, தையலே தெரியாமல் தைத்துக் கழுவி அயர்ன் பண்ணினாள். துணிக்கு எங்கே போனாள் என்று கேட்டால், குகதாசனின் புது வேட்டி.

"என்ரை வேட்டியை வெட்டி ஆரின்ரையோ கொடிக்கு ஒட்டுப் போட்டிருக்கிறாள், பார்!" என்று அவர் மகளிடம் முறையிட்டார்.

"அப்பா, நீங்கள் அதைக் கட்டினதே இல்லை" என்றாள் சயந்தினி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கனகாம்பிகை கொடியைக் கட்டிலில் விரித்தாள். ஐயாவின் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் விரலால் நடுவைத் தடவினார். இன்னொருமுறை தடவினார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னையா? நிறம் சரியில்லையோ?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "பூச்சி அரிக்கேல்லை கனகா. என்ரை அண்ணன் வெட்டினவர்."

அப்போது திபோர் ஐயாவுக்குப் பதினேழு வயது. ஊர் புடாபெஸ்ட். ஹங்கேரி என்று பெயருக்கு ஒரு நாடு. பிடி ரஷ்யாக்காரரின் கையில். கொடியின் நடுவில் சுத்தியலும் கதிரும் போட்ட சின்னத்தைப் பதித்திருந்தார்கள். ஐம்பத்தாறாம் ஆண்டு ஒக்டோபரில் சனம் தெருவுக்கு வந்து, முதல் வேலையாக அந்தச் சின்னத்தை வெட்டி எடுத்தது. ஓட்டைதான் அவர்களுடைய கொடி. அண்ணன், அம்மா சமையலறையில் பாண் வெட்டும் கத்தியால் வெட்டினார். பன்னிரண்டு நாள் ஊர் சிரித்தது. பிறகு ரஷ்ய டாங்கிகள் வந்தன. அண்ணன் விடியக் காலமை வெளியே போனார், திரும்பி வரவில்லை. தம்பி அந்தக் கொடியை வயிற்றில் சுற்றிக்கொண்டு பனிக்குள்ளால் நடந்து எல்லை கடந்தான்.

கனகாம்பிகைக்கு, உயிரைக் கொடுத்துத் திறந்துவிட்ட வாசலைத் தான் அடைத்துவிட்டதுபோல இருந்தது. முருகா, தெரியாமல் செய்து போட்டனே. "கழட்டிறன் ஐயா. இப்பவே கழட்டிறன். துணியை நான் வெட்டேல்லை, மடிச்சுத்தான் தைச்சனான். உங்கட அண்ணன்ரை வெட்டு அப்படியே உள்ளை இருக்கு."

நேர்ஸிடம் கத்தரிக்கோல் கேட்டால் தரமாட்டார்கள். அவள் சேலைத் தலைப்பை விலக்கி, தாலிக்கொடியில் கொழுவியிருந்த ஊக்கைக் கழற்றினாள். கதிரையைக் கட்டிலோரம் இழுத்துப்போட்டு, ஒவ்வொரு தையலாகக் குத்தி இழுத்தாள். தான் தைத்த தையல், எறும்புக்கண் அளவு. வரமாட்டேன் என்றது.

திபோர் ஐயா மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார். அவள் படும் பாட்டைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாத்தான் தைச்சிருக்கிறாய். ரஷ்யாக்காரர் இப்பிடித் தைச்சிருந்தால் இண்டைக்கும் அங்கதான் இருந்திருப்பினம்."

"பகிடி விடாதையுங்கோ ஐயா. எனக்கு அழுகை வருது."

"அழாதை. அண்ணன் வெட்டேக்கை அம்மாவும் சத்தம் போட்டவ. அரசியல் இல்லை, 'நல்ல துணியைப் பழுதாக்கிறியே, ஆர் தைக்கிறது?' எண்டுதான். அவ நினைச்சதை நீ செய்திருக்கிறாய்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். முப்பத்துமூன்று வருடம் கழித்து அதே ஒக்டோபரில், வெடிச் சத்தம் இல்லாமல், நாடு 'மக்கள் குடியரசு' என்ற பழைய பெயரைக் கழற்றிவிட்டு வெறும் குடியரசாகியது. அதைக் கராஜில் ரேடியோவில் கேட்டாராம். கையில் ஒயில் என்பதால் கண்ணைத் துடைக்க முடியவில்லையாம். இன்னும் இரண்டு வருடத்தில் கடைசி ரஷ்யப் படையும் போனது.

"பிறகேன் ஐயா நீங்கள் அங்கை போய் இருக்கேல்லை?" அவள் தலை நிமிராமல் கேட்டாள். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தைவிட்டு மழைக்குள் நடந்தவள். அந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல.

"போனனான். மாகிரட்டையும் கூட்டிக்கொண்டு போனனான். எங்கட தெருவுக்கு வேற பேர். பாண் கடையில ஒரு பெட்டை, 'நீங்கள் எந்த நாடு?' எண்டு கேட்டாள். என்ரை வாயில இருந்தது பதினேழு வயசுப் பெடியன்ரை பேச்சு, அந்தப் பேச்சை அங்கை ஒருத்தரும் இப்பப் பேசிறதில்லை. கோவம் வரேல்லை கனகா. வீடு திறந்து கிடக்குது, பிள்ளையள் உள்ளை விளையாடுதுகள், அது காணும் எண்டு வந்திட்டன்."

கடைசித் தையல் விட்டது. வட்டத் துணி மடியில் விழுந்தது. அவள் மடிப்பை நகத்தால் நீவிவிட்டாள். பழைய வெட்டு கோணல்மாணலாக வெளியே வந்தது. ஓரிடத்தில் கத்தி வழுக்கிப் பச்சையிலும் ஏறியிருந்தது. திபோர் ஐயா அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். வட்டத் துணியை அவள் குப்பையில் போடப் போக, "அதை இஞ்சை தா" என்று வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்தார்.

மறுநாள் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் கொடியோடு இருந்தார். அந்த ஓட்டைக்குள்ளால் ஒரு சின்னப் பிள்ளை எட்டிப் பார்த்துச் சிரித்ததாம். அதைத்தான் வந்து பெரிதாகச் சொன்னார்.

கார்த்திகை பிறந்ததும் நெஞ்சுச்சளி கூடியது. வீட்டுக்கு விடுவார்கள் என்ற கதை நின்றுபோனது. விளக்கீட்டுக்கு முதல்நாள் கனகாம்பிகை போனபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கொடி தலைமாட்டில் மடித்து இருந்தது. நெற்றியில் திருநீறு பூசிவிடட்டுமா என்று கேட்டாள், தலையை ஆட்டினார். பூசினாள். நேரமாகிவிட்டது என்று நேர்ஸ் வந்து நின்றாள்.

"நாளைக்கு விளக்கு வைச்சிட்டு வாறன் ஐயா."

அவர் அவளுடைய விரலைப் பிடித்துக் கிட்ட இழுத்தார்.

"போத்தலுக்குள்ளை வை, காத்து வரும். என்ரை மதிலிலையும் ரெண்டு வை, கனகா. வீட்டில ஆள் இருக்கு எண்டு தெரியட்டும்."