பாதியில் நின்ற விண்கலம்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகளுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனதிலிருந்து, அந்த வீட்டில் 'நின்னுபோச்சு' என்ற சொல்லுக்கே தடை. தடை போட்டவர் மெக்கானிக்தான். அவர் பிழைப்போ நின்றுபோன லிஃப்டுகளால் ஓடுவது. இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட யாராவது போனில் அலறினால், மகள் காதில் விழக் கூடாதென்று, “லிஃப்ட் ரெஸ்ட் எடுக்குதுங்களா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

வேண்டாமென்றது மாப்பிள்ளை வீட்டார். ஏனென்று அவர்களும் சொல்லவில்லை, மகளும் வாய் திறக்கவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். பழையபடி நாலு வார்த்தை பேசமாட்டாளா என்று மனுஷன் தவித்துப்போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே கூடத்துக்கு வந்து டிவியில் ஒரு விண்வெளித் தொடரைப் போட்டாள். அவரும் சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவுகிற கப்பல். அதிலிருந்த லிஃப்டில் அவசர மணி இல்லை. கதவோ ஆள் நுழைகிறானா என்றுகூடப் பார்க்காமல் படாரென்று சாத்திக்கொண்டது.

“இதுக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்?” என்றார். மகள் சிரித்துவிட்டாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அதிலிருந்து சாயங்காலமானால் இருவரும் சோபாவில்தான். வேற்றுக்கிரகவாசியின் நெற்றியில் ஒட்டிய ரப்பர் ஓரத்தில் உரிந்து தொங்கியது. கேப்டன் வாயைத் திறந்தால் மூடமாட்டான். அந்தப் பேச்சைத் தாங்காமல்தான் எதிரிகள் சரணடைகிறார்கள் என்பது மெக்கானிக்கின் கட்சி. கப்பலின் டாக்டரம்மா ஏதோ சொல்ல வருவாள், அதற்குள் இவன் அடுத்த பிரசங்கத்தைத் தொடங்கிவிடுவான். போதாக்குறைக்கு அவளுக்கு இவன்மேல் காதல் வேறு.

கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்தான் குண்டைத் தூக்கிப் போட்டான். பார்க்க ஆளில்லாமல் அந்தத் தொடரைப் பாதியிலேயே ஊற்றி மூடிவிட்டார்களாம். மெக்கானிக்குக் கைகால் ஓடவில்லை. மகள் திரும்பவும் கதவைச் சாத்திக்கொள்வாளே! ஒருநாள் கண் வலி என்றார். மறுநாள் இன்டர்நெட் வயரையே பிடுங்கி வைத்தார். அவள் ஒன்றும் கேட்காமல் வயரைச் செருகிவிட்டு உட்கார்ந்தாள்.

கடைசி எபிசோட். கேப்டன் மோதிரத்தை நீட்டினான். டாக்டரம்மா பதில் சொல்ல வாய் திறந்தாள். திரை இருட்டாகிவிட்டது.

“இதோட அவ்வளவுதாம்மா. மேல எடுக்கல,” என்றார், ஏதோ அவரே நிறுத்திவிட்டதுபோல.

“தெரியும்ப்பா. நல்லவேளை, நின்னுபோச்சு. இன்னும் ஒண்ணு எடுத்திருந்தா இவனைக் கட்டிக்கிட்டிருப்பா.”

அவர் டிவியை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“நானும்தான்ப்பா. அவன் என்னைப் பேசவே விடமாட்டான். ஒருநாள், கொஞ்சம் என்னையும் பேச விடேன்னு கேட்டேன். அதுக்குத்தான் வேண்டாம்னுட்டாங்க.”

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, தப்பித்தோம் என்று பெரிய நிம்மதியும். ஆறுதலுக்கென்று மாதக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த அத்தனை வசனமும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார்.

“சொல்லும்மா,” என்றார்.